தோள்மேல் வண்டி ஓட்டாதீர்

சாலைக்குத் தோள் உண்டு என்பதை நான் முப்பத்தொரு வயதில், டெக்சாஸ் மாநிலத்து இர்விங்கில், ஒரு அபார்ட்மென்ட் சமையலறையில் மீன் வறுத்துக்கொண்டிருந்தபோது தெரிந்துகொண்டேன். டிரைவிங் லைசென்ஸுக்குப் படிக்கச் சொல்லி என் வீட்டுக்காரர் கொண்டுவந்து போட்ட புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. ஷோல்டரில் வண்டி ஓட்டக் கூடாது. இரண்டு தடவை படித்தேன். யாருடைய ஷோல்டரில்? ஓட்ட நினைத்தாலும் ஓட்டிவிட முடியுமா? புத்தகம் போட்டுத் தடுக்கவேண்டிய அளவுக்கு இந்த ஊர்க்காரர்கள் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்?

மீன் கருகியது. கூரையில் இருந்த புகை அலாரம் அலறியது. நான் துண்டை எடுத்து அதற்கு விசிறிக்கொண்டே, தோளைப் பற்றிக் கவலைப்பட்டேன். சாலையின் ஓரத்தில் ஒதுங்கி நிற்க விட்டிருக்கிற பட்டைக்குத்தான் அந்தப் பெயராம், அது பிறகுதான் தெரிந்தது.

கவலைப்படுவது எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த கலை. மற்றபடி எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்கு பஸ் ஏறிப் போகவேண்டும், வீட்டில் அனுப்பவில்லை. அழவேண்டியதை அப்போதே அழுது முடித்துவிட்டேன். என் இங்கிலீஷ், சோப்பு உறையிலும் மருந்து டப்பாவிலும் படித்து நானாகச் சேர்த்தது. அதை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் எட்டு வருஷம் ஓட்டிவிட்டேன். கடையில் விரலை நீட்டுவேன். போன் வந்தால் மகளிடம் கொடுப்பேன். வெளியே போகவேண்டும் என்றால் அவர் வண்டி ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே வருகிற ஒவ்வொரு லாரிக்கும் தனித்தனியாகப் பயப்படுவேன்.

அந்த வருஷம் லாஸ் கொலினாஸ் ஆபீஸில் அவருடைய ப்ராஜெக்ட் முடிந்தது. அடுத்தது சிகாகோ. திங்கட்கிழமை காலையில் ஃப்ளைட் ஏறினால் வியாழக்கிழமைதான் திரும்பல். ஒரு வருஷத்துக்கு அப்படித்தான் என்றார்கள்.

"நாலு நாளு நீ தனியா என்ன பண்ணுவ?" என்று ஒரு சாயங்காலம் ஆரம்பித்தார். "பிள்ளைக்குத் திடீர்னு காய்ச்சல் வந்தா? பால் தீந்து போனா? நம்ம அபார்ட்மென்ட்டுக்கு ஸ்கூல் பஸ்ஸும் கிடையாது. பேசாம நீயும் பிள்ளையும் ஒரு வருஷம் ஊருக்குப் போயிருங்க."

"நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டா?"

சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, நிஜமாகவே அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. "நீயா? எஸ்கலேட்டர்ல கால் வைக்க பிஸ்மி சொல்லிட்டு அஞ்சு பேரை முன்னாடி விடுறவ நீ."

"கத்துக்கிட்டா?"

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஆகஸ்ட் முடியுறதுக்குள்ள லைசென்ஸ் வாங்கிட்டேன்னா இங்கயே இருங்க. இல்லேன்னா டிக்கெட் போட்டுருவேன். சரியா?"

சரி என்றேன். சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஏன் சொன்னோம் என்று பத்து நிமிஷம் யோசித்தேன். ஊருக்குப் போவது தண்டனை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே என்னைக் கேட்காமலே எல்லாம் நடந்துவிடும்: என்ன சமைப்பது, எங்கே போவது, எப்போது தூங்குவது. 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னைக் கேட்டது இந்த ஊரில்தான். கேட்டவர் சாண்ட்விச் கடைக்காரர் என்பதும், நான் பதில் சொல்லத் தெரியாமல் அவர் காட்டிய எல்லாவற்றுக்கும் தலையாட்டி ஒன்பது காய் போட்டு வாங்கி வந்ததும் வேறு விஷயம்.

ஆக, நான் படிக்க உட்கார்ந்தேன். எனக்கு வாய்த்த டீச்சர், இரண்டாம் வகுப்பு.

என் மகளைத்தான் சொல்கிறேன். அங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்பதெல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். அந்தச் சமயம் பார்த்து அவளுடைய பள்ளிக்கூடத்தில் வாரம் ஐந்து ஜோடி வார்த்தைகள் கொடுத்து அனுப்பினார்கள். ஓசை ஒன்று, அர்த்தம் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்து கொண்டுபோகவேண்டும். சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் அவள் கலர் பென்சில், மறு பக்கம் என் லைசென்ஸ் புத்தகம்.

மாவும் ஃப்ளவர்தானாம், பூவும் ஃப்ளவர்தானாம். சூரியனும் சன், மகனும் சன். வாரமும் வீக், சோர்ந்து கிடந்தாலும் வீக். ராத்திரி நைட் என்பது எனக்குத் தெரியும். இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு குதிரையில் வருகிற வீரனும் நைட்டாம். அவனுக்கு மட்டும் முன்னால் ஓர் எழுத்து சும்மா உட்கார்ந்திருக்குமாம், சத்தமே போடாதாம்.

"பேசாத எழுத்து அங்க எதுக்குடி?" என்று கேட்டேன்.

"இட்ஸ் சைலன்ட், அம்மா."

"அதான் எதுக்கு?"

"இட்ஸ் ஜஸ்ட் தேர்."

எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் முன்வரிசை நாற்காலியில் உட்காரவைக்கிற பெரிய மாமாவின் ஞாபகம் வந்தது. ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் அவர் பெயர் இல்லாமல் பத்திரிகை அடிக்க முடியாது. அதன்பிறகு அந்த எழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு சலாம் சொல்லத் தோன்றும்.

என் வழக்கம் என்னவென்றால், புது வார்த்தை வந்தால் ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வது. வெள்ளைக்காரன் பாவம், ஓசை ஒன்றாக இருந்தாலும் எழுத்திலாவது மாவையும் பூவையும் பிரித்து வைத்திருந்தான். என் நோட்டில் அந்த வேலியும் விழுந்தது. ஆடு, கோட். அவர் ஆபீஸுக்குப் போடுவது, கோட். கம்ப்யூட்டரில் அவர் நாளெல்லாம் எழுதுவது, கோட். பக்கத்தில் இருந்த மூன்று வரிகளையும் பார்த்தபோது எனக்கு வியர்த்தது. உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், ஆடு எழுதுகிறார் என்று சொல்லிவிடுவேனோ? ஒரு நாள் முழுக்க அந்தக் கவலையோடு இருந்துவிட்டு, சாயங்காலம் அவரிடமே சொன்னேன். அவர் வாயில் இருந்த டீ மூக்கு வழியாக வந்தது. அதன்பிறகு ஆபீஸிலிருந்து வந்ததும், "இன்னைக்கு நூறு ஆடு எழுதினேன், அதுல அம்பது ஓடல" என்பார்.

லைசென்ஸ் புத்தகம் இன்னும் மோசம். குப்பை போட்டால் ஃபைன். காலையில் அபார்ட்மென்ட் ஆபீஸ் அம்மாள் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டால் நான் சொல்வதும் ஃபைன். எட்டு வருஷமாக நான் அவரிடம் அபராதம், அபராதம் என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறேன். பார்க் என்றால் ஊஞ்சல் இருக்கிற இடம் என்று நினைத்திருந்தேன். வண்டியை அங்கே நிறுத்து, இங்கே நிறுத்தாதே என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். வண்டி நிற்பதும் ப்ரேக், தட்டு உடைவதும் ப்ரேக், ஆபீஸில் காபி குடிக்கப் போவதும் ப்ரேக். களைத்துப்போனால் டயர்ட், களைப்பே இல்லாமல் உருண்டுகொண்டிருப்பது டயர். அதைப் படமாக வரைந்து காட்டினேன்: நான்கு டயர்கள் சோபாவில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டிருக்கின்றன. டயருக்குக் கால் ஏது என்று மகள் சண்டைக்கு வந்தாள். சாலைக்கே தோள் இருக்கும்போது டயருக்குக் கால் இருக்கக்கூடாதா என்று கேட்டேன். இருவரும் சிரித்ததில் கலர் பென்சில் டப்பா கவிழ்ந்தது. அந்தப் படத்தை அவள் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்விட்டாள். டீச்சர் சிரித்த முகம் ஒட்டி அனுப்பியிருந்தார். வகுப்பறையில் நான் வாங்கிய முதல் பரிசு.

மாடியில் குடியிருந்த அக்கா மயிலாப்பூர்க்காரர். பெரிய வேன் ஒன்றை ஒரு கையால் ஓட்டுவார், மறு கையில் காபி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேஜையைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, இங்கிலீஷை இந்தத் திட்டு திட்டற. நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழறதாம்? காப்பி ஆறிப்போச்சு, மணி ஆறாச்சு, காவேரி ஒரு ஆறு. மூணும் ஒரே ஆறுதானே?"

பிறந்ததிலிருந்து அந்த மூன்று ஆறுகளிலும் நான் நனையாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறேன், ஒரு நாளும் கவலைப்பட்டதில்லையே! அப்படியென்றால் நான் கவலைப்படாமல் செய்கிற காரியம் ஒன்று உலகத்தில் இருக்கிறது.

"படிக்கட்டுல உக்காந்து படி," என்று மகளைப் பார்த்து அக்கா தொடர்ந்தார். "அம்மா சொன்னபடி படி. ரெண்டு படி அரிசி போடறேன்."

"தட்ஸ் நாட் ஃபேர்!" என்று மகள் கத்தினாள்.

ஃபேருக்கும் எங்கள் நோட்டில் ஏற்கெனவே மூன்று அர்த்தம் இருந்தது.

எழுத்துப் பரீட்சையில் முதல் தடவை தோற்றேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். கேள்வியைப் படித்து முடிப்பதற்கு முன்பே விரல் ஏதாவதொரு பதிலில் பட்டுவிட்டது. திரும்பி வரும் வழியில் சாலையோரத்தில் ஒரு மஞ்சள் பலகை: நோ பாசிங். முன்னால் போகிற வண்டியைத் தாண்டாதே என்று அர்த்தமாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. டெக்சாஸ் மாநிலமே ஒரு பலகை அடித்து, நட்டு வைத்து, என் தலையெழுத்தைப் பெரிய எழுத்தில் சொன்னதாகப் பட்டது. அழுதேன். அழுகையின் நடுவிலேயே அது என்ன வேடிக்கை என்று புரிந்து, சிரிப்பும் வந்தது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, "இப்ப அழுவுறியா, சிரிக்கிறியா? ஒண்ணு சொல்லு, அதுக்கேத்த மாதிரி நான் பேசுறேன்" என்றார். இரண்டாம் தடவை எல்லாக் கேள்வியையும் மும்மூன்று தரம் படித்து, தேறிவிட்டேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் முடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள்.

அடுத்தது ஓட்டுவது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், ஒரு மூடிக் கிடந்த கடையின் முன்னால் இருந்த மைதானம் மாதிரி இடத்தில் பயிற்சி. வண்டியை எடுத்த ஐந்தாவது நிமிஷத்தில் எங்களுக்குள் முதல் சண்டை.

"இங்க லெஃப்ட்டா?" என்று கேட்டேன்.

"ரைட்," என்றார்.

நான் நேராகப் போனேன். எதிரே ஒரு விளக்குக் கம்பம். அவர் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினார்.

"எங்கடி போற!"

"நீங்கதானே ரைட்டுன்னீங்க!"

"சரின்னு சொன்னேன். லெஃப்ட்தான், சரின்னு சொன்னேன்!"

"எங்க ஊர் கண்டக்டர் ரைட்டுன்னா நேரா போன்னு அர்த்தம்!"

இருவரும் கம்பத்தைப் பார்த்தோம். அவர் மெல்ல மூச்சு விட்டார். எட்டு வருஷம் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர். 'ரைட், ரைட், போலாம்' அவருக்கும் தெரியும். அன்றைக்கு வண்டிக்குள் ஒரு சட்டம் போட்டார். இனிமேல் லெஃப்டும் கிடையாது, ரைட்டும் கிடையாது. சோத்தாங்கை, பீச்சாங்கை. அவ்வளவுதான்.

அந்தக் கோடை முழுக்க இர்விங்கின் அகலமான தெருக்களில் நாங்கள் அப்படித்தான் போனோம். "அந்த சிக்னல்ல பீச்சாங்கை. மெதுவா, மெதுவா. இப்ப சோத்தாங்கை லேனுக்கு வா." பின் சீட்டில் மகள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுப்பாள். ஆனால் ஒரு தடவைகூட நான் தப்பான பக்கம் திரும்பவில்லை. எந்தக் கையால் சாப்பிடுகிறோம் என்பதில் யாருக்குச் சந்தேகம் வரும்?

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ரோட் டெஸ்ட். அதில் தோற்றால் திரும்ப ஓட்டிக் காட்ட நாள் இல்லை. டிக்கெட்டுக்கு ஏஜென்ட்டிடம் அவர் சொல்லி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஆமா, இல்லை என்று சொல்லவேண்டும். அன்று புதன்கிழமை. அவர் லைசென்ஸ் ஆபீஸ் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மகள் மாடி அக்காவிடம். நான் வெளியே வண்டியோடு, டெக்சாஸ் வெயிலில்.

டெஸ்ட் எடுக்க வந்தவர் உயரமான ஒரு அம்மாள். கண்ணாடி சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் அட்டையும் பேனாவும். நான் ஏறியதும் லைட்டைப் போடச் சொன்னார், ஹாரனை அடிக்கச் சொன்னார். பிறகு அவரும் ஏறி, எடுக்கலாம் என்றார். எடுத்தேன். தெருவுக்கு வந்தோம்.

"டேக் எ லெஃப்ட்."

"பீச்சாங்கை," என்று எனக்குள் முணுமுணுத்து, திரும்பினேன்.

"ரைட் அட் தி லைட்."

"சோத்தாங்கை."

அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். எதையோ எழுதினார். அடுத்த சிக்னலில் சிவப்பு விழுந்து நின்றபோது, அவருடைய பார்வை கீழே போனது. என் பாதங்களுக்கு.

"மேடம், வேர் ஆர் யுவர் ஷூஸ்?"

அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் கார் வாங்கிய முதல் ஆள் என் வீட்டுக்காரர். வாங்கிய அன்றே முன்பக்கம் பிரயாணத்துக்கு ஓதுகிற துஆ எழுதிய சின்ன அட்டையை ஒட்டிவைத்தார். அதற்கு எதிரே செருப்புக் காலோடு உட்கார எனக்கு மனம் வரவில்லை. அதனால் வண்டியில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிடுவேன். எங்கே? கீழேதான். அபார்ட்மென்ட்டில் எங்கள் வண்டி நிற்கிற இடத்து ஓரமாக, வீட்டு வாசலில் விடுகிற மாதிரி ஜோடியாக விட்டுவிட்டு ஏறுவேன். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அதே இடத்துக்கு வந்து கதவைத் திறந்து காலை நீட்டினால், அது பாட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கும். கோடை முழுக்க அப்படிப் பழகிய கால், லைசென்ஸ் ஆபீஸிலும் என்னைக் கேட்காமலே கழற்றிவிட்டது.

"பார்க்கிங், மேடம்," என்றேன்.

"யூ பார்க்ட் யுவர் ஷூஸ்?"

"யெஸ், மேடம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கோபத்தில் குலுங்குகிறதா, சிரிப்பிலா என்று எனக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு ஓட்டக் கூடாது என்று புத்தகத்தில் இருந்ததா? தோளைப் பற்றி இருந்தது. காலைப் பற்றி ஞாபகமில்லை. பச்சை விழுந்தது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். ஊருக்கு எத்தனை பெட்டி கட்டவேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

ஒரு விஷயம், இனி தோற்றாகிவிட்டது என்று முடிவானதும் வண்டி என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. கெட்டது நடக்குமோ என்றுதான் எனக்குப் பயம். நடந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு கம்பத்துக்கு நடுவில் பின்பக்கமாக வண்டியை நுழைக்கச் சொன்னார், நுழைத்தேன். கொஞ்சம் கோணல்தான். ஒரு கம்பத்தையும் தொடவில்லை.

ஆபீஸ் வாசலுக்குத் திரும்பி வந்தால், நான் முதலில் நின்ற இடத்தில் ஒரு பெரிய வெள்ளை பிக்கப் ட்ரக் நின்றது. முன் டயருக்கு அடியிலிருந்து என் செருப்பு வார் ஒன்று எட்டிப் பார்த்தது. இன்னொன்று பக்கத்தில் எதுவும் நடக்காத மாதிரி தனியாக உட்கார்ந்திருந்தது. வேறு இடத்தில் நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தேன்.

"அல்லாவே!"

தோசைக்கல்லில் வைத்த மாதிரி. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். அந்த அம்மாள் இறங்கி, ட்ரக்கைச் சுற்றிப் பார்த்து, குனிந்து டயருக்கு அடியில் பார்த்து, என்னை அங்கேயே இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே நடந்தது என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஹால் நிறையக் கூட்டம். அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று அந்த அம்மாள் கேட்டாராம்: "வெள்ளை பிக்கப் யாருது? உங்க வண்டி ஒரு லேடியோட செருப்பு மேல நிக்குது. அவங்க அதைக் கழட்டி வெச்சிட்டு டெஸ்ட்டுக்குப் போயிருந்தாங்க."

"எல்லாரும் சிரிச்சாங்க," என்று இன்றுவரைக்கும் சொல்வார். "நான் மட்டும் கண்ண மூடிக்கிட்டேன். யாரு, என்னன்னு விசாரிக்கவே வேண்டியதில்ல. இந்த டெக்சாஸ்ல செருப்ப வாசல்ல விட்டுட்டுக் காருக்குள்ள போறவ ஒருத்திதான்."

அவர் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் பெரிய தொப்பி போட்ட ஒரு வயசாளி, ட்ரக்குக்காரர், அவரும் ஓடிவந்தார். வண்டியைப் பின்னால் எடுத்து, அப்பளம் மாதிரி ஆகிப்போன செருப்பை எடுத்துத் தன் சட்டையிலேயே துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "ஐ யாம் சோ சாரி, மேம்." நான் "ஃபைன், ஃபைன்" என்றேன். அவர் முகம் இன்னும் வாடியது மாதிரி எனக்குத் தோன்றியது. ஐயோ, அபராதம் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாரோ என்று கவலையாகிவிட்டது. "நோ ஃபைன், நோ ஃபைன்" என்று கையை ஆட்டினேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த அம்மாள் அட்டையோடு ஜன்னலுக்கு வந்து குனிந்தார். ஒன்று கேட்கவேண்டும் என்றார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதோ சொன்னீர்களே, அது என்ன, பிரார்த்தனையா?

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டு, ரைட்டுக்கு நாங்கள் சோறு சாப்பிடுகிற கை என்போம் என்று விளக்கினார். லெஃப்ட்டுக்கு என்ன என்று கேட்டார் அந்த அம்மாள். அது வேற ஒரு கை என்று மட்டும் வீட்டுக்காரர் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

"சோ-தாங்-கை," என்று அந்த அம்மாள் சொல்லிப் பார்த்தார். தன் வலது கையை எடுத்துப் பார்த்துக்கொண்டார். "ஐ லைக் தட்." பிறகு தாளைக் கிழித்துக் கொடுத்தார். ரொம்ப மெதுவாக ஓட்டுகிறேன், அதற்குக் கொஞ்சம் கழித்திருக்கிறார். பின்பக்கமாக நுழைத்தது கோணல், அதற்கும் கொஞ்சம். காலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கடைசி வரியில் பேனாவால் ஒரு வட்டம். நான் அதைப் படித்தேன். வீட்டுக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் படித்ததையும் நம்பாமல், தாளை அந்த அம்மாளிடமே திருப்பிக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

"யூ பாஸ்ட், ஹனி," என்றார்.

போட்டோ எடுக்க உள்ளே போகவேண்டும். செருப்பு இல்லை. வீட்டுக்காரர் தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்தார். பத்து நம்பர் ஷூவில் என் கால் படகில் ஏறின மாதிரி இருந்தது. தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, டொக்கு டொக்கு என்று ஹாலைக் கடந்தேன். பின்னால் அவர் சாக்ஸோடு வந்தார். கூட்டத்தில் யாரோ கை தட்ட, எல்லோரும் தட்ட ஆரம்பித்தார்கள். கேமரா முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க எவ்வளவோ பார்த்தேன். முடியவில்லை. அந்த லைசென்ஸ் போட்டோவில் என் கடைவாய்ப் பல்வரைக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் அவர் போனை எடுத்து ஏஜென்ட்டைக் கூப்பிட்டார். "வேணாங்க. இல்லீங்க, ரெண்டும் வேணாம். அவங்க இங்கயேதான் இருக்காங்க." வைத்துவிட்டு, சாவியை என் கையில் கொடுத்தார். தான் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலை அவரை ஏர்போர்ட்டில் இறக்கிவிட நான்தான் போனேன். வழி நெடுக அறிவுரை. கண்ணாடியைப் பாரு, டயரைப் பாரு, ஃப்ரீவேயில் ஏறாதே, உள் ரோட்டிலேயே போ. டெர்மினல் வாசலில் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினவர், பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தார். நான் போங்க, போங்க என்று கையைக் காட்டினேன். அவர் முகத்தைப் பார்த்தால் அந்த வாரம் முழுக்கக் கவலைப்படப்போவது நானில்லை என்று தெரிந்தது.

மகளுக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லை. பின் சீட்டில் அவள். முதல் தடவையாக அவர் இல்லாமல் நானும் அவளும் ஒரு வண்டியில். அந்த ஏர்போர்ட்டுக்குள் சாலை ஒரு மாதிரி வளைந்து வளைந்து போகும். வெளியே போகிற பிரிவைக் கண் மூடித் திறப்பதற்குள் விட்டுவிட்டேன். சாலை எங்களைச் சுற்றிக்கொண்டுவந்து மறுபடி அதே டெர்மினல் வாசலில் விட்டது. இரண்டாம் தடவையும் விட்டேன். பெட்டிகளோடு நின்ற அதே கும்பல் எங்களைப் பார்த்தது. மகள் அவர்களுக்குக் கை ஆட்டினாள்.

போன் அடித்தது. ஓட்டும்போது எடுக்கமாட்டேன். அவளை எடுக்கச் சொன்னேன்.

"ஹாய் அத்தா. நோ, வீ ஆர் ஸ்டில் அட் தி ஏர்போர்ட்."

வீட்டுக்காரர் கத்தியது எனக்கே கேட்டது. "இன்னும் ஏர்போர்ட்லயா? ஏன்? என்னாச்சு?"

"அம்மா, ஹீ வான்ட்ஸ் டு நோ ஒய்."

காரணம் இல்லாமல் நான் எங்கேயும் போனதே கிடையாது. பால் வாங்க, டாக்டரைப் பார்க்க, துணி துவைக்க. முன்னால் சாலை அகலமாக வெயிலில் கிடந்தது. மேலே ஒரு ஃப்ளைட் தாழ்ந்து போனது.

"சும்மா போறோம்னு சொல்லு."

அவள் யோசித்தாள். அதற்கு இங்கிலீஷ் தேடியிருப்பாள் போல. கிடைக்கவில்லை. "சும்மா, அத்தா," என்றாள். "சும்மா போறோம்."

மூன்றாவது சுற்றில் வெளியே போகும் வழி எங்கே பிரிகிறது என்று தெளிவாகத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பவில்லை. பெட்ரோல் முள்ளை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, நேராகப் போனேன்.